தட்டிப் பார்த்த சங்கிலி

மருதப்பன் வீட்டில் இல்லாத நேரத்தில் கயிறு அசைந்தது.

மங்களம் அடுப்படியில் உட்கார்ந்து குழந்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். காலையில் பிடித்த மார்கழி மழை இன்னும் விடவில்லை. பகல் மூன்று மணிக்கே விளக்கு ஏற்றலாம் போல அறை இருண்டு கிடந்தது. ஊறிப்போன அத்தாப்பு ஓலைக் கூரையின் வாசமும், பின்பக்கத்து எருமைக் கொட்டிலின் நாற்றமும், ஈர விறகின் புகையும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைத்தன. பலகைச் சுவரின் அடியில் ஒரு துளை. அதிலிருந்து ஒரு முழம் சணல் கயிறு தொங்கும். அந்தக் கயிறு காற்றில் ஆடவில்லை. துளைக்குள் நாலு விரற்கடை இழுபட்டு, மறுபடி வெளியே வந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சுண்ணாம்புக் கம்பம் என்கிற இந்தக் குடியிருப்பில் எலிக்கா பஞ்சம்? சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது, அந்த எலிகள் அதற்குக்கூட வழி விடுவதில்லை. ஆனாலும் அவள் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் காதர் மைதீன் ராவுத்தரின் சங்கிலிப் பட்டறை. மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரம் தூக்கும் சங்கிலிகள் அங்கேதான் அடிக்கப்பட்டன. ராவுத்தர் எதில் எப்படியோ, ஒன்றில் மட்டும் கறாரான மனுஷர். சங்கிலியை உத்தரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கண்ணியையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்காமல் அது வாசலைத் தாண்டக்கூடாது. ஒட்டு நன்றாகப் பிடித்த கண்ணி 'கிண்' என்று பாடும். உள்ளே விரிசல் இருந்தால் 'தொக்' என்று அடங்கிவிடும். தட்டிக் கேட்கிற வேலை மருதப்பனுக்கு. அவன் கேட்டுத் திருப்தியானால் கடைசி வளையத்தில் பிறை முத்திரை விழும். அதன் கீழே அன்றைக்கு அது எத்தனையாவது சங்கிலியோ அத்தனை கோடு. அந்தப் பிறையைப் பார்த்துவிட்டுத்தான் துறைமுகத்தில் ஆட்கள் பாரத்துக்குக் கீழே போய் நிற்பார்கள்.

அந்த மருதப்பனுக்குக் காது போய்விட்டது என்பதுதான் ராவுத்தருக்குத் தெரியாத சங்கதி. இருபது வருஷம் இரும்போடு இருந்த காது. முதலில் மெல்லிய ஓசைகள் போயின. கொசுவின் ரீங்காரம் கேட்கவில்லை என்றபோது புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் கிண்ணும் தொக்கும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. அன்றைக்கு அவன் சோற்றில் கை வைத்தபடியே அழுதான். வேலை போனால் இந்த அறையும் போகும், ஊருக்குத் திரும்ப அங்கே ஒரு பிடி மண்ணும் இல்லை. அப்போதுதான் மங்களம் பலகையில் துளை போட்டாள்.

காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது ஏற்பாடு. அவன் வலது காலைப் பலகையோடு ஒட்டி நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்காருவான். கயிற்றின் ஒரு முனை அவன் கால் கட்டைவிரலில், மறுமுனை அவள் கையில். அவன் தட்டுவான், அவள் கேட்பாள். கண்ணி நல்லதாக இருந்தால் சும்மா இருப்பாள். தொக் என்றால் ஒரு இழுப்பு. அவன் அந்தக் கண்ணியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வெட்டுளியை வைத்துப் பெரிய சுத்தியலால் அடித்து அதை வெட்டி எறிவான். பதினோரு மாதத்தில் பதினேழு கண்ணிகள். பதினேழு முறை எவனோ ஒருவன் முழு உடம்போடு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறான். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது, இவள் யாரென்று அவனுக்கும் தெரியாது. அதை நினைத்து மங்களத்துக்கு உள்ளுக்குள் கர்வம் கூட உண்டு. அடுப்படியில் உட்கார்ந்தபடி துறைமுகத்தையே தாங்கிக்கொண்டிருப்பதாக நினைப்பாள்.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. கயிறு சும்மா இருந்தால் கண்ணி நல்லது. கயிற்றைப் பிடித்தவள் தூங்கிப்போனாலும் கயிறு சும்மாதான் இருக்கும். இதை இருவருமே யோசிக்கவில்லை.

போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கயிறு விரலிலேயே இருக்க, பலகையில் தலை சாய்ந்துவிட்டது. விழித்தபோது பக்கத்தில் முத்திரை அடிக்கும் சத்தம். அன்றைய இரண்டு சங்கிலிகளும் முடிந்திருந்தன. அப்போதே கயிற்றை இழுத்திருக்கலாம், வாய் திறந்து சொல்லியிருக்கலாம். எத்தனையோ சங்கிலியில் பதினேழு கண்ணிதானே கெட்டது, இந்த இரண்டில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று கணக்குப் போட்டாள். பாவி, அப்படித்தான் போட்டாள்.

முதல் சங்கிலி நான்காம் நாளே அறுந்தது. தண்டவாளக் கட்டு ஒன்று கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அறுந்த நுனி சுழன்று வந்து கீழே நின்ற கோவிந்தசாமியின் முகத்தில் அடித்தது. முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. தண்டவாளங்கள் மற்ற இருவர் மேல் விழுந்தன. அவர்களைச் சாக்கில்தான் அள்ள முடிந்தது. கோவிந்தசாமி இவர்களுக்கு அடுத்த அறைக்காரன், காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு வேப்பிலை பறித்துக் கொடுத்தவன். மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது கோணி முழுக்க ஊறிச் சொட்டியது. அவன் பெண்டாட்டி கோணியை விலக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை மங்களம் சாகும்வரை மறக்கமாட்டாள்.

அறுந்த கண்ணியை ராவுத்தர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பாதி பளபளத்தது, பாதி கறுத்திருந்தது. விரிசல் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அந்த மாதம் முத்திரை விழுந்த சங்கிலிகளை எல்லாம் திரும்ப வரவழைத்து மறுபடி தட்டிப் பார்க்கலாம் என்றார். மருதப்பன் ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெண்டாட்டியின் உதட்டைப் பார்த்தபடி கேட்டான். அவனுக்கு இப்போதெல்லாம் உதடுதான் காது.

"அன்னிக்கு எல்லாக் கண்ணியும் உன் காதுல விழுந்துச்சா? ஒன்னும் விட்டுப்போகலையே?"

"எல்லாம் கேட்டேன்," என்றாள் மங்களம். "ஒன்னும் விடல."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பயம். பக்கத்து அறையில் அந்த அழுகை. நாக்கு அதுவாகப் புரண்டுவிட்டது. அவன் அதை அப்படியே நம்பினான். இரும்பில்தான் ஏதோ கோளாறு, தட்டினதில் பழுதில்லை என்று ராவுத்தரிடம் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். சங்கிலிகளை வரவழைக்கும் பேச்சு அதோடு நின்றது. இன்று காலையில் துறைமுகத்து ஆட்கள் வேலைக்கு இறங்க மறுத்துவிட்டதாக மத்தியானம் கங்காணி ஆள் அனுப்பினான். பிறை போட்டவன் வந்து முதல் பாரத்துக்குக் கீழே நிற்கட்டும், அப்புறம் நாங்கள் நிற்கிறோம் என்கிறார்களாம். மருதப்பன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தே போனான். எந்தச் சங்கிலியில் பாரம் தூக்குவார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கிண்.

மங்களம் நிமிர்ந்தாள். மழையில் எங்கோ தகரம் தட்டுகிறது என்று எண்ணினாள். பிறகு மறுபடி வந்தது. பலகைக்கு அப்பால், முக்காலி இருக்கும் இடத்தில், அவள் பதினோரு மாதம் கேட்ட அதே உயரத்தில், அதே நிதானத்தில். கிண். பழுக்கக் காய்ந்த இரும்பின் வாசமும் கூடவே வந்தது. மூன்று நாளாக அந்த உலையில் ஒரு கங்கு கூட இல்லை.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பட்டறைக் கதவில் ராவுத்தரின் பூட்டு தொங்கியது. அதிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பக்கத்து அறையில் கோவிந்தசாமியின் பெண்டாட்டி அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தாள். உள்ளே சுத்தியல் தட்டிக்கொண்டே இருந்தது.

அவள் திரும்பி வந்து தரையில் படுத்துத் துளையில் கண்ணை வைத்தாள்.

முதலில் இருட்டுதான். பிறகு ஒரு பாதம். பலகையோடு ஒட்டி நீட்டிய வலது பாதம், புறங்காலில் உலைப்பொறி பட்ட பழைய தழும்பு, கட்டைவிரலில் கயிற்றின் சுருக்கு. அவனேதான். மங்களத்துக்கு உயிர் திரும்பி வந்தது. மனசு மாறித் திரும்பிவிட்டான், ராவுத்தரிடம் சாவி வாங்கிப் பின்பக்கமாக நுழைந்திருக்கிறான், எல்லாவற்றையும் மறுபடி தட்டிப் பார்க்கிறான். அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் முதல் முறை. கேட்காதவனைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம் என்று உடனே அவளுக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம்தான் பார்த்தாள். பாதம் காய்ந்திருந்தது. இந்த மழையில், முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் சந்தைக் கடந்து வந்த பாதம், ஒரு சொட்டு ஈரமில்லாமல், மேலே புழுதி படிந்து இருந்தது.

பாதத்துக்குப் பக்கத்தில் சங்கிலியின் நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசி வளையத்தில் பிறை. பிறைக்குக் கீழே இரண்டு கோடு.

அது அவள் தூங்கிப்போன அன்றைய இரண்டாம் சங்கிலி. அது இங்கே இல்லை. மூன்று மைலுக்கு அப்பால் தஞ்சோங் பகாரில், பாரந்தூக்கியில் மாட்டிக் கிடக்கிறது.

கிண்.

மங்களம் கண்ணை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். குழந்தையின் முகத்தை மார்பில் அழுத்திக்கொண்டாள். ஓடலாம். எங்கே ஓடுவது? இந்த மழையில் டிராம் பிடித்தாலும் போய்ச் சேர ஒரு மணி நேரம். அதற்குள் பாரம் ஏறிவிடும். அவன் நிமிர்ந்து நிற்பான். அவள் சொல்லை நம்பி நிற்பான்.

கிண். கிண். பதினெட்டு. பத்தொன்பது. தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பழக்கம்.

கை கயிற்றில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை. கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. அதன் வழியே ஒரு துடிப்பு வந்தது. நாடி.

இருபத்தைந்து. இருபத்தாறு.

அன்றைக்குத் தூங்கியபோது தட்டியதைத்தான் இப்போது தட்டுகிறது. விட்டதைக் கேட்கச் சொல்கிறது. கேட்டாள். மழையை மறந்து, மூச்சை அடக்கி, உடம்பெல்லாம் காதாக அவள் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை.

முப்பது.

தொக்.

சுத்தியல் நின்றது.

அவள் அசையவில்லை. சும்மா இருந்தால் நல்ல கண்ணி என்று அர்த்தம். சங்கிலி போகும். பாரம் ஏறும். கீழே அவன்.

இழுத்தால் வெட்டு.

பலகைக்கு அப்பால் யாரும் மூச்சு விடவில்லை. காத்திருந்தது. மறுபடி தட்டியது. மெதுவாக. புரியாதவளுக்குச் சொல்வது போல. தொக். அது இரும்பின் ஓசையாக இல்லை. எலும்பும் சதையும்.

"நான் தூங்கிட்டேன்," என்றாள் மங்களம். சத்தமாகவே சொன்னாள். "அன்னிக்கு நான் தூங்கிட்டேங்க. ஒன்னையும் கேக்கல."

கயிறு காத்திருந்தது. பாரம் இந்நேரம் ஏறியிருக்கும். வெட்டிவிட்டால் அந்தச் சங்கிலி உதவாது. உதவாவிட்டால் அவன் நிற்க வேண்டாம். அப்படித்தானே? எப்போதும் அப்படித்தானே?

இழுத்தாள்.

ஒரு இழுப்பு. திருத்தமாக.

வெட்டுளி பட்டறைக் கல்லில் உரசும் சத்தம். பெரிய சுத்தியல் விழுந்தது. பலகை அதிர்ந்தது. சட்டிகள் உருண்டன. இரண்டாவது அடி. பலகைச் சந்துகளில் ஏதோ சிதறித் தெறித்தது. மூன்றாவது அடி விழவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் விழுந்தது.

குழந்தை அழவில்லை. மழை மட்டும்.

கையிலிருந்த கயிறு தொய்ந்தது. மங்களம் அதைப் பிடித்து இழுத்தாள். வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். நனைந்து, கறுத்து, விரல் இடுக்குகளில் பிசுபிசுத்துக்கொண்டு வந்தது. துளையில் ஒரு கணம் ஏதோ தடுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வந்துவிட்டது.

சுருக்குக்குள் அவன் கட்டைவிரல் இருந்தது. சூடு ஆறவில்லை.

பலகைக்கு அப்பால் சிறு சுத்தியல் அடுத்த கண்ணிக்குப் போனது.