முப்பத்தொரு ஐராவதங்கள்

"இன்னும் எவ்வளவு நேரங்க?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க."

நெடுஞ்செழியன் செவ்வாயின் துருநிற மண்ணில் முழங்கால் ஊன்றி, விண்ணுடுப்பின் தடித்த விரல்களால் பம்புக் குழாயை வால்வோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். விட்டால் பிடுங்கிக்கொள்ளும். அவன் தலைக்கு மேலே, பாதி நிரம்பிய ஐராவதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கு சப்பிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் இருந்த மனைவி மங்கையர்க்கரசியின் குரல் தலைக்கவசத்துக்குள் மறுபடி ஒலித்தது. "மூணாவது தடவையா புழுதி எச்சரிக்கை அடிக்குது. மேற்கால பாருங்க."

பார்த்தான். அடிவானம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புச் சுவர் எழும்பியிருந்தது. அதன் உச்சி சூரியனைத் தொட இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி.

"நீலமேடு பதினோரு கிலோமீட்டர்தான். இப்பவே கிளம்பினா கால் மணி நேரத்துல கூரைக்குள்ள இருப்போம்."

"இப்படியேவா? புது வீட்டு வாசல்ல உன் தங்கச்சி நிக்கும். அவ மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் நிக்கும். அவ புருஷன் அந்தக் குலோத்துங்கன் நிப்பான். பாதி யானையோட போய் இறங்கச் சொல்றியா?"

"அப்ப கழட்டிப் போட்டுட்டுப் போவோம்."

"கழட்டினா சிட்டு தெரியும்."

பம்பு முனகிக்கொண்டே இருந்தது. செவ்வாயின் காற்று மெலிந்தது. அதை உறிஞ்சித் திணித்து ஒரு யானையை நிரப்ப நாற்பது நிமிடம் பிடிக்கும்.

மேலுறை என்பது மடித்தால் ஒரு தலையணை அளவு. சிட்டு வண்டியின் மேல் போர்த்திக் காற்றடித்தால் அசல் ஐராவதமாக எழுந்து நிற்கும். எட்டுக் கதவு, முகப்பில் வெள்ளித் தந்தம், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போன்ற நிழல்கூட உண்டு. 'நான் ஐராவதம்' என்று சாலை முழுக்க அறிவிக்கும் அடையாளச் சில்லு ஒன்றும் ஓரத்தில் தைத்திருக்கும். விற்றவன் வீட்டுக்கே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, "இந்தக் குடியேற்றத்துலயே உங்களுக்கு மட்டும்தான் சார்" என்று காதோடு சொல்லி விற்றான்.

முன்பு நெடுஞ்செழியனிடம் அசல் ஐராவதமே இருந்தது. எட்டு இருக்கை, எட்டுக் காற்றுத் தொட்டி, மருத்துவப் படுக்கை, சின்னதாக ஒரு சாமி மாடம். வண்டி நிறைய ஆள் இருந்தாலும் எழுபது மணி நேரம் மூச்சு விடலாம். பூமியில் நிலமும் நகையும் சொன்ன சேதியைச் செவ்வாயில் காற்று சொன்னது. எத்தனை பேருக்கான காற்றை ஒருவன் சும்மா சுமந்து திரிகிறானோ, அவன் அவ்வளவு பெரிய மனிதன்.

பிறகு சூரியப் பலகைகளுக்கு வயதாயிற்று. வீட்டுக்கு வீடு மின்பங்கீடு பாதியானது. ஐராவதம் ஒரு நாள் ஓடுவதற்கு வீட்டின் நான்கு நாள் மின்சாரத்தைக் குடித்தது. தக்காளித் தொட்டியின் விளக்குகள் மங்கி, இலைகள் மஞ்சளாக ஆரம்பித்த அன்று மங்கை சொன்னாள்: "யானையா, சாப்பாடான்னு முடிவு பண்ணிடுங்க."

சிட்டு வந்தது. இரண்டு இருக்கை, ஒரே தொட்டி, பத்து மணி நேரக் காற்று. ஐராவதத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மேசை இருந்தது. சிட்டுவில் தோளும் தோளும் உரசின. கல்யாணமாகி இருபது வருடங்களில் பேசாததையெல்லாம் அதில் போகும்போதுதான் பேசினார்கள். இருவருக்குமே அது பிடித்திருந்தது. வெளியே சொல்லத்தான் முடியவில்லை.

ஒற்றைத் தொட்டியைப் பார்த்து முதல் நாள் மங்கை பயந்தது உண்மை.

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆதிசேஷன் இருக்கு இல்ல?" என்றான் நெடுஞ்செழியன். அவள் சமாதானமானாள்.

ஆதிசேஷன், நடுச்சாலை மீட்பு நிலையத்தின் மாபெரும் ஊர்தி. எண்பது இருக்கை. கண்ணே தெரியாத புழுதியிலும் சாலைக்கு அடியில் புதைத்த கம்பியைத் தடவிக்கொண்டே வந்து சேரும். நிலைய வாசலில், வெள்ளை விளக்குகளின் நடுவே, இரவும் பகலும் நிற்கும். அதைக் கடந்து போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி ஒரு கும்பிடு போடுவார்கள். இன்றைக்கும், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், இருவரும் போட்டார்கள்.

வெளியே வால்வு 'டப்' என்று மூடிக்கொண்டது. ஐராவதம் நிமிர்ந்தது. நெடுஞ்செழியன் ஓடி வந்து ஏறினான்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்கள். பழுப்புச் சுவர் அவர்கள் மேல் மூடியது.

*

செவ்வாயின் புயல் வண்டியைத் தள்ளாது. அந்தக் காற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது. புழுதிதான் எமன். அதிலுள்ள மின்னேற்றம் வண்டியின் கண்களைக் குருடாக்கிவிடும். கண் போனால் எந்த வண்டியும் இருந்த இடத்திலேயே தானாக நின்றுவிடும். சிட்டுவும் நின்றது.

காற்றளவியில் பச்சை எண்கள். இன்னும் நான்கு மணி நேரம் இருபது நிமிடக் காற்று.

"புயல் எவ்வளவு நேரமாம்?" என்றாள் மங்கை.

திரையில் இருந்ததை அவன் வாசிக்கவில்லை. அவளே வாசித்தாள். நாற்பது மணி நேரம்.

உடுப்பில் இருப்பது ஒரு மணி நேரக் காற்று. எட்டு கிலோமீட்டரைக் கண் தெரியாமல் நடந்து கடந்தவர் யாரும் கிடையாது.

பொது அலைவரிசை கரகரத்தது. "நடுச்சாலை மீட்பு நிலையம். ரெபேக்கா பேசறேன். எல்லாரும் கேளுங்க. சாலையில இப்ப முப்பத்தொரு வண்டி நிக்குது. அறுபத்துமூணு பேர். அடையாளச் சில்லு அத்தனையும் பார்த்துட்டேன். முப்பத்தொண்ணுமே ஐராவதம்!" அவள் குரலில் அப்பட்டமான நிம்மதி. "எல்லார்கிட்டயும் எழுபது மணி நேரக் காத்து இருக்கு. சாப்பிட்டுத் தூங்குங்க. புயல் முடிஞ்சதும் நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம். ஒரு சிட்டுகூட மாட்டிக்கல. ஆண்டவர் காப்பாத்தினார்."

மங்கை கணவனைப் பார்த்தாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

"அம்மா, நெடுஞ்செழியன் பேசறேன். நீலமேட்டுக்கு எட்டு கிலோமீட்டர்ல நிக்கிறோம். கொஞ்சம் தனி அலைவரிசைக்கு வர முடியுமா?"

"புயல்ல தனி அலைவரிசை கிடையாது சார். இதுலயே சொல்லுங்க, எல்லாரும் நம்ம ஜனம்தானே."

அவன் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் குறுக்கே பாய்ந்தது. "யாரு, சகலையா! குலோத்துங்கன் பேசறேன் சகல. உங்களை எதிர்கொண்டு அழைச்சிட்டு வரலாம்னு நானும் திலகாவும் கிளம்பி வந்தோம். உங்களுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி நிக்கிறோம். பால் காய்ச்சற நேரம் போச்சு, போங்க. உங்களுக்கென்ன, அந்த அரண்மனைல ஒரு வாரம் குடியிருக்கலாம்."

"உங்களுக்கு மட்டும் என்ன சகல, குடிசையா?" என்றான் நெடுஞ்செழியன். சிரிக்கக்கூடச் செய்தான்.

மங்கை அவன் கையைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். "என்ன பேசிட்டிருக்கீங்க? காத்து இல்லன்னு சொல்லுங்க."

"சொல்றேன். வேற மாதிரி சொல்றேன்." மறுபடி அழுத்தினான். "அம்மா, எங்க வண்டியில காத்துத் தொட்டி கசியுது. ஆதிசேஷனை அனுப்பினீங்கன்னா..."

"ஒரு தொட்டி கசிஞ்சா வால்வை மூடிடுங்க சார். பாக்கி ஏழு இருக்கே."

"அது... வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல. மூச்சு வாங்குது."

"பின் இருக்கைக்கு அடியில மருத்துவப் படுக்கை இருக்கும் சார். படுக்க வெச்சா அதுவே பார்த்துக்கும்."

"அக்காவுக்கு என்னாச்சு?" என்று திலகவதி எங்கிருந்தோ பதறினாள்.

அவன் எந்தப் பொய்யைச் சொன்னாலும், அந்த யானையிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. காற்றளவியில் நான்கு மணி இரண்டு நிமிடம்.

மங்கை அவனைத் திட்டவில்லை. அவன் உள்ளங்கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "பம்பு அடிச்ச நேரத்துல போய்ச் சேர்ந்திருப்போம்" என்றாள் மெதுவாக. "அது போகட்டும். இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா உங்களுக்கு இன்னும் கேவலமா இருக்கும். அதனாலதான் கேக்கறேன்."

அவன் கண்களை மூடிக்கொண்டான். முப்பது வண்டிகள் கேட்டுக்கொண்டிருந்தன. நாளைக்கு நீலமேட்டில், நாளை மறுநாள் தங்கள் ஊரான செந்தரையில், தக்காளித் தொட்டி வரிசையில் நிற்கும்போது இதையேதான் பேசுவார்கள்.

"ரெபேக்காம்மா. நான் சொன்னது அத்தனையும் பொய். இது ஐராவதம் இல்ல. சிட்டு. மேல உறை போட்டிருக்கேன். நாலு மணி நேரக் காத்துதான் இருக்கு. ரெண்டு பேர் இருக்கோம். வந்து கூட்டிட்டுப் போங்க."

அவன் அப்படியே தலை குனிந்திருந்தான்.

"சகல..." என்றது குலோத்துங்கனின் குரல். வழக்கமான அந்த முறுக்கு அதில் இல்லை.

"சிரிக்கிறதுன்னா அப்புறமா சிரிச்சுக்கோங்க."

"சிரிக்கல சகல. எங்களதும் சிட்டுதான். போன தீபாவளிலேர்ந்து. எங்களுக்கும் அஞ்சு மணி நேரம்தான் இருக்கு. ஆபத்துன்னா உங்க வண்டிக்கு நடந்து வந்துடலாம்னு திலகாகிட்ட தைரியம் சொல்லிட்டிருந்தேன்."

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் சற்றுமுன் அதையேதான் நினைத்திருந்தாள்.

இன்னொரு குரல் வந்தது, கிழவர் ஒருவருடையது. "நாப்பத்தோராவது கிலோமீட்டர். எங்களதும் சிட்டு."

"தொண்ணூறுல நிக்கிறோம். மடியில குழந்தை இருக்கு. எங்களதும்."

"எங்களதும்..."

"இங்கயும் அப்படித்தாம்மா."

ஒவ்வொன்றாக வந்தன. சில குரல்கள் தயங்கின. சில, முந்திக்கொள்ள அவசரப்பட்டன. ஒருவர் இரண்டு நிமிடம் தொண்டையைச் செருமிவிட்டு, தான் செந்தரைக் குடியேற்றத் தலைவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மங்கை விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தொன்று.

"அந்த மேலுறைக்காரன் எல்லார்கிட்டயுமா 'உங்களுக்கு மட்டும்தான்'னு சொன்னான்?" என்று யாரோ கேட்டார்கள்.

முதலில் ஒரு வண்டியில் சிரித்தார்கள். பிறகு எல்லா வண்டிகளிலும். அறுபத்துமூன்று பேர், தனித்தனி இருட்டுகளில் உட்கார்ந்து, இத்தனை நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தவர்கள் போலச் சிரித்தார்கள். நெடுஞ்செழியனும் சிரித்தான். மங்கையின் கண்களில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு அவளே பொத்தானை அழுத்தினாள்.

"சரி ரெபேக்கா. வெட்கம்தான் போயிடுச்சே. இப்ப ஆதிசேஷனை அனுப்புங்க. எண்பது பேர் ஏறலாம், நாங்க அறுபத்துமூணு பேர்தான். முதல்ல குழந்தை இருக்கற வண்டிக்குப் போகட்டும்."

பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"ரெபேக்கா?"

நிலையத்தில், ரெபேக்கா ஒலிவாங்கியைப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தாள். பக்கத்தில் நிலைய அதிகாரி 'சொல்லாதே' என்று கையை ஆட்டினார். அவள் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தாள். வெள்ளை விளக்குகளின் நடுவே ஆதிசேஷன், கம்பீரமாக, புழுதியில் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது.

"அக்கா," என்றாள். "போன புயல்ல மீட்பு கேட்டு ஒரு அழைப்புகூட வரல. சாலையில போறது எல்லாமே ஐராவதம்னு பதிவு ஆச்சு. அத்தனை பேர்கிட்டயும் எழுபது மணி நேரக் காத்து இருக்கறப்போ, எங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி, இவ்வளவு மின்சாரம்னு... மேலிடத்துல மாத்திட்டாங்க."

"என்னம்மா சொல்றே?" நெடுஞ்செழியன் கத்தினான். "வாசல்ல நிக்குதே! இன்னிக்குக்கூடக் கும்பிட்டுட்டு வந்தேனே!"

"நீங்கள்லாம் பயந்துடக் கூடாதுன்னுதான் சார் நிக்குது. அது மேலுறை. உள்ளே இருக்கறது ஒரு சிட்டு. ஓட்டறவர் போக, ஒரு ஆள் ஏறலாம்."