பிரிக்கக் கூடாத ஸ்வெட்டர்

குடுக்கைக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. எதிலும் அவசரம் என்பதால் அம்மா அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தாள். அதையும் முழுசாகச் சொல்லப் பொறுமையில்லாமல் போனதால், வெறும் குடுக்கை. வயது பதினொன்று.

அம்மாவும் குடுக்கையும் மட்டும் இருந்த அந்த வீட்டில் ஸ்வெட்டர் என்றால் போட்டுக்கொள்வதற்கு இல்லை, பிரிப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய துணிச் சந்தைக்குப் போவார்கள். யாரோ போட்டுக் கழித்த ஸ்வெட்டர்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். அம்மா ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி ஓரத்தைப் பார்ப்பாள். வெட்டித் தைத்த ஓரமென்றால் வேண்டாம். பிரித்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும். பின்னிச் சேர்த்த ஓரமென்றால் பைக்குள் போகும்.

பிரிக்கிற வேலை குடுக்கையுடையது. சரியான இடத்தில் ஒரு கண்ணியைக் கத்தரித்து, நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், வரிசை வரிசையாக நூல் ஓடி வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, சுருக்கம் போவதற்காக அடியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக் கொடியில் தொங்கவிட வேண்டும். காய்ந்த நூல் தொப்பியாகும், கையுறையாகும், பென்சில் பையாகும், சில சமயம் காது பெருத்த யானை பொம்மையும் ஆகும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் மாமா வந்திருந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய ஸ்வெட்டரின் ஒரு கையைக் குடுக்கை பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு மாமா இந்த வீட்டில் குளிப்பதே இல்லை.

அது சிரித்து முடிந்த கதை. இது அப்படியல்ல.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. பின்னி முடித்த தொப்பிகளைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். நாற்காலியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் கிடந்தது. பிரிக்க வேண்டியவை நாற்காலியில், அக்கம்பக்கத்தார் ஒட்டுப்போடக் கொடுத்தவை கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில். அந்த வீட்டின் சட்டம் அது. அன்று காலையில் கொக்கி சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்திருந்ததைக் குடுக்கை கவனிக்கவில்லை.

சின்னப் பிள்ளை போடும் ஸ்வெட்டர். இரண்டு முழங்கையும் தேய்ந்து நைந்திருந்தன. ஒரு கை இன்னொன்றைவிட நீளம். 'ஞாயித்துக்கிழமை இப்படி ஒண்ணு எடுத்த மாதிரி தெரியலையே' என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. கேட்பதற்கு அம்மா இல்லை. காத்திருப்பதோ குடுக்கைக்குப் பழக்கமில்லை. கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டது.

அம்மா திரும்பி வந்தபோது பச்சை நூல் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாற்காலில ஒரு ஸ்வெட்டர் வச்சிருந்தேனே, எங்கடி?”

“பிரிச்சு, அலசி, காயவும் போட்டாச்சு” என்றாள் குடுக்கை பெருமையாக. “ஒரே மணி நேரந்தான்.”

அம்மா கொடியைப் பார்த்தாள். திட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று குடுக்கைக்குப் புரிந்தது.

“அது வாண்டோடது” என்றாள் அம்மா.

வாண்டு பின்தெருவில் இருக்கும் ஏழு வயதுப் பெண். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். சரக்கு ஏற்றும் இடங்களில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் சீட்டாடுவார்கள்; அவர் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு மகளுக்கு ஸ்வெட்டர் பின்னினார். கூட இருந்தவர்கள் கேலி செய்யாத நாளில்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் பின்னி முடித்தார். போன வருடம் ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார்.

முழங்கைக்கு ஒட்டுப்போடச் சொல்லி வாண்டின் அம்மா காலையில்தான் அந்த ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சனிக்கிழமை தருவதாகக் குடுக்கையின் அம்மா சொல்லியிருந்தாள்.

“மறுபடியும் பின்னிடலாம்மா. அதே நூல்தானே இருக்கு.”

“அவர் எத்தனை கண்ணி போட்டாரு? எந்தெந்த இடத்துல தப்பு விட்டாரு? உனக்குத் தெரியுமா?”

தெரியாது. பிரிக்கிறவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

“சந்தையில இதே மாதிரி பச்சையில ஒண்ணு கிடைச்சா...”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். குடுக்கை மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கேட்ட கேள்வி காதில் விழவில்லை. தன் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். அவற்றைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. காலத்தைப் புதன்கிழமைக்குத் திருப்ப முடியுமென்றால் தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன் என்று நினைத்தாள். யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

“நாளைக்கு நான் போய்ச் சொல்லிடறேன்” என்றாள் அம்மா. “நாற்காலில வச்சது நான்தானே.”

“பிரிச்சது நான்” என்றாள் குடுக்கை.

வெள்ளிக்கிழமை மாலை அவளே போனாள். வழியெல்லாம் மூன்று வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாண்டு வாசல் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் மூன்றும் மறந்துபோயின.

“முழங்கை தச்சாச்சாக்கா?” என்று வாண்டு கேட்டாள்.

“இல்ல.”

“நாளைக்குத் தச்சிடுவீங்களா?”

“வாண்டு, அது இப்ப ஸ்வெட்டரா இல்ல. தெரியாம நான் பிரிச்சுட்டேன். நூலா இருக்கு.”

வாண்டு பென்சிலை நோட்டுக்குள் வைத்தாள். “எல்லாமா?”

“எல்லாம்.”

“கையும்?”

“கையும்.”

வாண்டு எழுந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தாள். குடுக்கை பின்னாலேயே போனாள். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கொடியடியில் வந்து நின்ற வாண்டு, பச்சை நூல் கற்றையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். 

“சோப்பு வாசனை வருது.”

“அலசிட்டேன்” என்றாள் குடுக்கை. 

“கழுத்துக்கிட்ட அப்பா வாசனை இருந்துச்சு. டீசல் வாசனை. அதனாலதான் அம்மா தோய்க்கவே இல்ல.” வாண்டு திரும்பிப் பார்த்தாள். “அது எங்க போச்சு?”

அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றியது குடுக்கையின் கைதான்.  வாண்டு அழுதிருந்தால், ஓங்கி ஒரு அடி அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. வாண்டு இரண்டும் செய்யவில்லை. கொடிக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து மகளைத் தேடிக்கொண்டு வாண்டின் அம்மா வந்தாள். குடுக்கையின் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தன் மேல்தான் தப்பு என்று இரண்டு முறை சொன்னாள்.

“வேணும்னேவா செஞ்சீங்க?” என்றாள் வாண்டின் அம்மா. அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். “ஆனா அவகிட்ட வேற என்னக்கா இருக்கு?”



வாண்டு வீட்டுக்கு வர மறுத்தாள். குடுக்கைக்கும் அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் போதும் என்று காய்ந்த நூலைக் கொடியிலிருந்து இறக்கினாள். கற்றையை உருண்டையாகச் சுற்ற இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

வாண்டு தானாகவே இரண்டு கையையும் நீட்டினாள்.

“அப்பாவுக்கும் நான்தான் பிடிப்பேன்.”

நூலை அவள் கைகளில் மாட்டிவிட்டு, குடுக்கை நுனியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். மெதுவாகச் சுற்றினாள்.  பாதி உருண்டையானபோது விரலில் ஏதோ இடறியது. ஒரு முடிச்சு. ஒரு உருண்டை தீர்ந்து இன்னொன்றைத் தொடங்குகிற இடத்தில் நூலை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். அந்த வீட்டில் முடிச்சைக் கண்டால் வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். பின்னலில் துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். புதன்கிழமை இருந்த அவசரத்தில் குடுக்கை அதைக்கூடச் செய்திருக்கவில்லை.

இப்போது பழக்க தோஷத்தில் அவள் கை கத்தரிக்கோலுக்குப் போனது.

“வெட்டாத” என்றாள் வாண்டு.

குடுக்கையின் கை நின்றது.

“அது அப்பா போட்டது. லாரி மேல தார்ப்பாய் கட்டுவாங்கல்ல, அந்த முடிச்சு. காத்துக்கும் அவிழாது, மழைக்கும் அவிழாது.”

குடுக்கை முடிச்சைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சின்ன நூலில் போட்ட பெரிய முடிச்சு. இரண்டு சுற்று சுற்றி, அடியில் நுழைத்து, இறுக்கியிருந்தது. தார்ப்பாய் கட்டியவர் கை என்று பார்த்தாலே தெரிந்தது. ஊசி முனையால் லேசாக நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

ஸ்வெட்டரைப் பிரித்தாகிவிட்டது, வாசனையைச் சாக்கடையில் ஊற்றியாகிவிட்டது. இதை மட்டும் தன்னால் பிரிக்க முடியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் இன்னும் மெதுவாகச் சுற்றினாள், ஒவ்வொரு அடி நூலையும் விரலால் தடவிக்கொண்டே. மொத்தம் ஏழு முடிச்சுகள் கிடைத்தன.

“வாண்டு, பழைய மாதிரி பின்ன எனக்குத் தெரியாது. பின்னுவேன்னு சொன்னா அது பொய்” என்றாள் குடுக்கை. “ஆனா இந்த நூல்லயே ஒண்ணு பின்றேன். ஒரு முடிச்சையும் வெட்ட மாட்டேன்.”

“உள்பக்கம் ஒளிச்சு வச்சிடுவியா?”

“நாங்க முடிச்சு போட்டா உள்பக்கந்தான் விடுவோம். உனக்கு வெளிய வேணும்னா வெளிய விடறேன்.”

வாண்டு யோசித்தாள். “வெளிய” என்றாள். பிறகு, “வாசனை வராதுல்ல?”

“வராது.”

வாண்டு தலையாட்டினாள். அப்போதுதான் அவள் அழுதாள். அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து தினமும் மாலையில் வாண்டு வந்தாள். ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க வந்தவள் மாதிரி எதிரே உட்கார்ந்துகொள்வாள். ஒரு கண்ணி விட்டுப்போனாலும், “அங்க விட்டுட்ட” என்பாள். குடுக்கை மறு பேச்சுப் பேசாமல் பிரித்துப் பின்னுவாள். வாண்டு அதிகம் பேசுவதில்லை, சிரிப்பதும் இல்லை. சிரிக்கவைக்க வேண்டுமென்று மாமாவின் ஸ்வெட்டர் கதையைக் குடுக்கை ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். “அப்ப உனக்கு முன்னாடியே இந்தப் பழக்கம் உண்டா?” என்றுதான் வாண்டு கேட்டாள்.

முழங்கைப் பக்கத்து நூல் நைந்துபோயிருந்தது. இழுத்தால் அறுந்தது. அப்படி நான்கு இடத்தில் அறுந்தபோது, நைந்த பகுதியை எடுத்துவிட்டு நல்ல நூலை நல்ல நூலோடு சேர்க்க வேண்டியிருந்தது. முதல் தடவை குடுக்கை முடிச்சுப் போடப் போனாள். பாதியில் நிறுத்திவிட்டு இரண்டு நுனியையும் வாண்டிடம் நீட்டினாள்.

“உனக்குத் தெரியுமா, அந்தத் தார்ப்பாய் முடிச்சு?”

“ஷூ கட்ட அப்பா அதைத்தான் சொல்லிக்கொடுத்தாரு. டீச்சரால அவிழ்க்கவே முடியல.”

வாண்டு நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, இரண்டு சுற்று சுற்றி, அடியில் நுழைத்து, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். நான்கு முடிச்சையும் அவளே போட்டாள்.

நூல் போதவில்லை. போன வருடத்தைவிட வாண்டு வளர்ந்திருந்தாள். நைந்த நூலும் வீணாகியிருந்தது. முழுக்கை அரைக்கையாகத்தான் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று குடுக்கை அரை நாள் தவித்தாள். வாண்டு அரைக்கையைப் பார்த்துவிட்டு, “இனிமே முழங்கை தேயாது” என்றாள். கழுத்தை மட்டும் அம்மா பின்னிக் கொடுத்தாள். குடுக்கையின் வாழ்க்கையிலேயே ஒரு வேலைக்கு இருபது நாள் எடுத்துக்கொண்டது அதுதான்.

வாண்டு போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. நெஞ்சில், முதுகில், தோளில் என்று ஆங்காங்கே முடிச்சுகள் துருத்திக்கொண்டு நின்றன. சந்தையில் பார்த்திருந்தால் அம்மா கையால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். இப்போது அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள்.

“பதினொண்ணு. ஏழு அவரு போட்டது, நாலு இவ போட்டது. ஏண்டி, எது யாருதுன்னே எனக்குத் தெரியலையே.”

குடுக்கை பார்த்தாள். பின்னியவளுக்கே தெரியவில்லை. வாண்டின் அம்மா மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

“நீ சொல்லு வாண்டு, அப்பாவோடது எது?” என்றாள் குடுக்கை.

வாண்டு குனிந்து நெஞ்சில் இருந்ததைத் தொட்டாள். தோளில் இருந்ததைத் தொட்டாள். கையைப் பின்னால் வளைத்து முதுகில் எட்டியதையெல்லாம் தடவினாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

“எனக்கும் தெரியலக்கா” என்று சொல்லி, அந்த இருபது நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.