எயினி தொட்ட கல்

ஆவணிப் பௌர்ணமி. பொழுது சாய்ந்து மேல்வானத்துச் செம்மை இன்னும் அடங்காதிருக்க, கீழ்வானில் எழுந்த முழுமதி தென்பெண்ணையின் நீர்ப்பரப்பை வெள்ளித் தகடாக அடித்து விரித்துக் கொண்டிருந்தது. கருநெல்லிக் கோட்டையின் மதில்கள் அந்தத் தகட்டின்மேல் கரிய நிழலைச் சாய்த்திருந்தன. கரையெங்கும் தீப்பந்தங்கள், பறைகள், கோட்டைச் சனம் முழுவதும் அங்கேதான் கூடியிருந்தது. அன்புள்ள வாசகர்களே, இந்த அழகில் மயங்கி நின்றுவிட வேண்டாம். அன்று அந்தத் துறையில் கூடியிருந்தவர்களும் கண்ணால் கண்டதில்தான் மயங்கிப் போனார்கள். அதன் பலனை அந்த நாடு ஒரு தலைமுறை அனுபவித்தது.

கருநெல்லித் தலைவன் விண்ணன் இறந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டுக்கொண்டு திரும்புகையில், படை முன்னே சென்றுவிட, அவனும் தம்பி சாத்தனும் மட்டும் மேல்துறையில் பின்தங்கினார்கள். சாத்தன் தனியே திரும்பி வந்தான். பகைவன் அம்பு மார்பில் தைத்து அண்ணன் வீழ்ந்தான் என்றும், உடலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றும் கண்ணீர் மல்கச் சொன்னான். சிற்பியும் மார்பில் அம்பு தைத்த வீரனாகவே நடுகல்லைச் செதுக்கினான்.

ஒன்பது நாள் ஆற்று நீரில் கிடந்த அந்தக் கல்லை இன்று எடுத்து, இறந்தவனின் ஆவியை அதில் அழைத்து, கரையில் நட வேண்டும். நட்டபின் விண்ணனின் மூன்று வயது மகனுக்கு முடி சூட்டுவார்கள். அந்நாட்டில் மார்பில் புண்பட்டு மாண்டவனுக்கே கல் உண்டு. முதுகில் புண்பட்டவன் பகைவனுக்கு அஞ்சி ஓடியவன். அவனுக்குக் கல்லும் இல்லை, அவன் மகனுக்கு முடியும் இல்லை.

ஆவியை அழைக்க வேண்டியவள் எயினி. பத்தொன்பது வயது, ஏழு தலைமுறையாகக் கோட்டைக்கு மந்திரம் செய்த குடியின் கடைசிக் கொழுந்து. அந்தக் குடியின் பெரிய இரகசியம் என்னவென்றால், ஏழு தலைமுறையிலும் ஒரே ஓர் ஆவிகூட எவர் அழைப்புக்கும் வந்ததில்லை. பறை முழங்கும், இவர்கள் ஆடுவார்கள், "வந்தான்" என்பார்கள், புத்தாடை வாங்கிக்கொண்டு வீடு போவார்கள்.

இந்த இரகசியத்தை எயினி ஒருவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். காதல் என்று வந்துவிட்டால் இரகசியம் எங்கே தங்குகிறது? அந்த ஒருவன், இதோ, வெண்பட்டை ஏந்தி அவளருகே வந்து நிற்கும் சாத்தன்தான்.

"தயங்குகிறாயே, எயினி" என்றான் மெல்ல.

"ஆற்று நீர் குளிரும், இளங்கோவே."

"வந்தான் என்று ஒரு சொல் சொல். போதும். அடுத்த திங்கள் உன்னை அரண்மனைக்கு அழைத்துக்கொள்கிறேன்."

எயினி வெண்பட்டைப் போர்த்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கிக் கல்லின்மேல் கைவைத்தாள். கல் சுட்டது. ஒன்பது நாள் நீரில் ஊறிய கல், காய்ச்சல் கண்ட உடம்பைப்போல் சுட்டது. அவள் கையை இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் காதுக்குள், அவளுக்கு நன்கு பழக்கமான குரல் ஒன்று நிதானமாகப் பேசியது.

"தம்பியைக் காவல் நிற்கச் சொல்லிவிட்டு நீர் குடிக்கக் குனிந்தேன், எயினி. என் முதுகில் பாய்ந்தது அவன் வேல்தான். மேல்துறை வழி நல்லது என்று கழங்குக்காய் உருட்டிக் குறி சொன்னாயே, ஏன் சொன்னாய்?"

ஏன் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். "திரும்புகையில் அண்ணன் சுற்றுவழியில் அலைவார், மேல்துறை நல்லதென்று குறி சொல்" என்று படை புறப்படுமுன் சாத்தன் கேட்டான். கழங்கு ஒருநாளும் பேசியதில்லையே, ஒரு சிறு பொய்யால் என்ன கெட்டுவிடும் என்று அவளும் சொன்னாள்.

அப்போதுதான் அவள் முதுகில் ஈட்டி பாய்ந்தாற்போல் ஒரு வலி எழுந்தது. வெண்பட்டில் செம்மை படர்ந்தது. ஆவி வந்தால் அதன் புண்ணும் கூடவே வரும் என்பது அந்நாட்டுப் பழங்கதை. பறைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"முதுகில் குருதி" என்றார் படைத்தலைவர் ஏனாதி கண்டனார். "தலைவரின் புண் முதுகிலா?"

சாத்தன் முகம் ஒரு கணம் வெளிறியது. ஒரு கணம்தான். மறுகணம் மணலில் மண்டியிட்டான்.

"மன்னியுங்கள். மார்பில் அம்பு என்று நான் சொன்னது பொய். அண்ணன் அஞ்சி ஓடினார். அவர் மானம் காக்கவே மறைத்தேன்."

எத்தனை பெருந்தன்மை! கூட்டம் கண்ணீர் விட்டது.

"இவர்தாம் கொன்றார்" என்று எயினி நீரில் நின்றபடியே கதறினாள். "நீர் குடிக்கக் குனிந்தவரைப் பின்னிருந்து குத்தினார். ஆவி என்னிடம் சொன்னது."

சாத்தன் எழுந்தான். அவன் குரலில் கோபமே இல்லை. "எயினி, உங்கள் குடியில் எவருக்கும் எந்த ஆவியும் வந்ததில்லை என்று நீ என்னிடம் சொல்லவில்லையா? கொற்றவைமேல் ஆணையாகச் சொல்."

எயினி கல்லைப் பார்த்தாள். இனி ஒரு பொய் சொல்ல அவளால் முடியாது. "சொன்னேன். மேல்துறைக்குச் சொன்ன குறியும் பொய். இவருக்காகச் சொன்னேன்."

அவ்வளவுதான். அவள் முதுகில் கண்ட குருதியை எல்லோரும் நம்பினார்கள். அவள் வாய்ச்சொல்லை ஒருவரும் நம்பவில்லை. விண்ணனின் கைம்பெண் கொற்றி மட்டும் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நீரோரம் வந்தாள்.

"நான் நம்புகிறேன்" என்றாள். "என் கணவரை அந்தத் துறைக்கு அனுப்பியவள் நீ என்பதையும் நம்புகிறேன். என் முகத்தில் இனி விழிக்காதே."

நாலு வீரர்கள் கல்லை ஆழத்துக்குப் புரட்டித் தள்ளினார்கள். "அப்பா கல்லை ஏன் தள்ளுகிறார்கள்?" என்று குழந்தை கேட்டது.

பெண்கொலை வேண்டாமென்று சாத்தன் கருணை காட்டினான். எயினியை மறுகரைக்குக் கொண்டுபோய் விடும்படி ஓடக்காரனுக்கு ஆணை பிறந்தது. ஓடம் கரையை விட்டு விலகுகையில் அவள் எழுந்து நின்றாள். முதுகிலிருந்து இன்னும் குருதி சொட்டிக் கொண்டிருந்தது.

"சாத்தரே, உமக்கும் ஒருநாள் கல் எடுப்பார்கள். அதுவும் இந்த நீரில் ஒன்பது நாள் கிடக்கும். அதைத் தொட நான் வருவேன். நீர் செய்ததை உம்முடைய ஆவியின் வாயாலேயே கேட்டு இந்தக் கரைக்குச் சொல்வேன். என்னை நம்பாதவர்கள் உம்மை நம்புவார்கள் அல்லவா? அதுவரை நான் சாகமாட்டேன். கொற்றவைமேல் ஆணை."

சாத்தன் சிரித்தான். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

ஆயினும் முடிசூடிய மறுநாள், மன்னன் சாத்தன் பிறப்பித்த முதல் ஆணை இது: கருநெல்லி நாட்டில் இனி எவர் இறந்தாலும், மன்னனே இறந்தாலும், கல் நடக் கூடாது.