கறுப்பு மைக்காவுக்குள் ஒளிந்த நைட்ரஜன்

"கயித்தைப் பிடி. வாயைத் தொறக்காத!" என்று சீறினாள் ரெஜினா.

மலைப்பிளவின் விளிம்பில் நின்ற இசக்கியப்பன் கயிற்றை இறுக்கினான். அடியில் ஓடை இரைந்தது. ஓடைக்குச் சற்று மேலே ஒரு குகை. ரெஜினா அதற்குள் போக வேண்டும்.

போன மாதக் கருத்தரங்கில், இந்த மலைப்பாறையில் நைட்ரஜன் மிக அதிகம் என்று அவள் அறிவித்தாள். "அது பாறையோடதா, குவாரி வெடிமருந்தோடதா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். அரங்கமே சிரித்தது! கூட ஆராய்ச்சி செய்யும் இசக்கி மலையேறச் சோம்பி, வெடி வைத்த குவாரியில் கல் பொறுக்கியிருந்தான். வெடியுப்பில் நைட்ரஜன் உண்டு. அது விரிசல்களில் புகுந்திருந்தது. வெடி எட்டாத கல் இந்தக் குகையில்தான் கிடைக்கும். இம்முறையும் தவறினால் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள்.

"இன்னும் எத்தனை நாளு திட்டுவ, ரெஜி?"

"நீ சாகுத வரைக்கும்!"

கயிற்றில் ஊசலாடிக் குகைக்குள் குதித்தாள். குப்பென்று மூக்கு எரிந்தது. வௌவால் எச்சம்! அதுவும் நைட்ரஜன்தான். சுவரெல்லாம் ஊறிக் கிடந்தது.

ஆத்திரத்தில் சுத்தியலை ஓங்கி அடித்தாள். பொறிதான் பறந்தது. தனியாக முடியாது.

"இறங்கி வாடா!"

கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு அவனும் இறங்கினான். அவன் உளியைப் பிடிக்க, அவள் அடித்தாள்.

"இந்தச் சுவருலயும் நைட்ரஜன் ஊறிருக்கே?"

"மேல்தோலுலதான். உள்ள இருக்கது வேற. பாறைக்குள்ள மைக்கான்னு ஏடு ஏடா மினுங்குத தாது இருக்கு. அதுல பொட்டாசியத்துக்குன்னு எடம் இருக்கும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேந்த அம்மோனியம் கிட்டத்தட்ட அதே பருமன். அது அந்த எடத்துல போயி உக்காந்துக்கிடும். கோடிக்கணக்கான வருசம் ஆனாலும் எந்திரிக்காது. அதுக்குள்ளதான் நம்ம நைட்ரஜன்!"

பாறை பிளந்தது. உள்ளே கறுப்பு மைக்கா மினுங்கியது. இசக்கி கையை நீட்டினான்.

"தொடாத! வேர்வையிலயும் நைட்ரஜன் இருக்கு. கையுறையைப் போடு!"

வெளித்தோல் முதல் உள்மையம் வரை, வரிசை மாறாமல் தனித்தனி அலுமினியத் தாளில் சுற்றினார்கள். அப்போது மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் பாய்ந்து வந்தது! தண்ணீர் குகைக்குள் ஏறியது.

"நீ ஏறு! பையைக் கட்டித் தாரேன்!" என்றான் இசக்கி.

அவள் ஏறிப் பையை இழுத்தபோது இசக்கியின் மார்பளவு தண்ணீர். கயிற்றைத் திரும்ப வீசினாள். அவன் பிடித்துக்கொண்டான். "சோம்பேறி! தடிமாடு! விட்றாதடா!" வைதுகொண்டே இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது, கயிற்றை விடவில்லை.

ஆய்வகத்தில் ஒவ்வொரு துண்டையும் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அம்மோனியத்தை அளந்தார்கள். வெளித்தோலில் அளவு எகிறியது. உள்ளே போகப்போகக் குறைந்தது. பிறகு ஓரிடத்தில் அசையாமல் நின்றது. அதுதான் பாறையின் சொந்த நைட்ரஜன்! அவள் முன்பு சொன்னதில் பாதிதான். ஆனால் இனி யாரும் அசைக்க முடியாது.

அடுத்த கருத்தரங்கில் அதே முன்வரிசைக்காரர் எழுந்தார். "கல்லை எங்கே எடுத்தீங்க?"

ரெஜினா ஒலிவாங்கியை இசக்கியிடம் நீட்டினாள். குவாரியில் தொடங்கி, குகைவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. எண்ணை நம்புவதற்கு முன் கல் வந்த வழியைக் கேட்க வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"கோவம் போயிட்டா, ரெஜி?"

"பாதி. அடுத்த மலையில நீதான் முதல்ல இறங்குத!"