செம்பருத்திப் பாயசம்

2023 ஜூலை 15, சனிக்கிழமை பிற்பகல், ஆட்டையாம்பட்டி லாசர் மெஸ்ஸில் செம்பருத்திப் பாயசம் காய்ச்சினார்கள். அதற்கு முன் அங்கே யாரும் அதைக் காய்ச்சியதில்லை.

அப்போது அக்சிலியா கல்லா மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அப்பா லாசர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அம்மா இன்பமேரி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் தறிகள் தடக் தடக் என்று ஓடின. அந்தச் சத்தத்தில் கண்ணை மூடினால் மெஸ் ரயிலாகிவிடும். மேசைகள் மெல்ல ஆடும். மரவள்ளிக் காடுகள் ஜன்னலுக்கு வெளியே பின்னால் நகரும். அன்றைக்கு ரயில் கடலுக்கு அடியில் போகத் தொடங்கியிருந்தது.

“செம்பருத்திப் பாயசம் இருக்குதா?”

ரயில் நின்றது. எதிரே ஓர் அக்கா நின்றிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். கை கழுவிய ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ‘பயமாக இருக்கிறதா? கல்லாவில் வந்து செம்பருத்திப் பாயசம் கேளுங்கள். கூட வந்தவருக்குத் தெரியாமல் உதவுவோம்.’ மகளிர் குழுக் கூட்டத்தில் இந்த வழியைக் கேட்டுவந்தவள் அம்மா. பெயர் வைத்தவள் அக்சிலியா. எந்தக் கடையிலும் கிடைக்காத பாயசமாக யோசித்து வைத்திருந்தாள். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவள் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“இருக்குதுங்க அம்மிணி. செத்த நேரத்துல ஆயிருமுங்க.”

சொன்னவர் சமையல் மாஸ்டர் சடையன். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். அட்டையைப் பற்றி அவரிடம் அப்பா சொல்லியிருப்பார் என்று அம்மா நினைத்தாள். அம்மா சொல்லியிருப்பாள் என்று அப்பா நினைத்தார். சாப்பிட வந்தவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல சடையனுக்கு வாய் வராது. அவர் அதற்குள் ஜவ்வரிசியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அக்காவின் முகம் வாடியது.

“பாயசம் ஒண்ணுதான் கொறச்சலா? சோறு தின்னாச்சில்ல, கெளம்பு” என்றார் மூலை மேசையில் இருந்த ஆள். அவர் முன்னால் இரண்டு செல்போன்கள் இருந்தன. ஒன்றின் உறையில் பட்டாம்பூச்சிப் படம். அக்காவின் துணிப்பை அவருடைய காலுக்கடியில் கிடந்தது.

அக்சிலியாவின் நெஞ்சு தறியைவிட வேகமாக அடித்தது. கத்தினால் அந்த ஆள் அக்காவை இழுத்துக்கொண்டு போய்விடுவார். அவள் தூக்கம் கலையாதவள் போலவே பேசினாள்.

“மாஸ்டர், பூ வேணுமில்ல?”

“பூவில்லாம எப்படிப் பாப்பா? பறிச்சுட்டு வா.”

“எனக்கு எட்டாதே. அக்கா, நீங்க வந்து கிளையைப் புடிங்க.”

“அவ எதுக்கு?” என்றார் அந்த ஆள்.

“ஒரு நிமிசமுங்க. உங்களுக்கு மாஸ்டர் வடை போடறாரு. சூடாச் சாப்புடுங்க.”

சடையன் வடையைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனால், “போட்டுட்டாப் போவுது” என்று எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

கொல்லையில் செம்பருத்திச் செடி அக்சிலியாவின் தோள் உயரம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதாள்.

“அம்மா, இவங்க செம்பருத்திப் பாயசம் கேட்டாங்க.”

இன்பமேரி கையிலிருந்த குண்டானைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். “பயப்படாத சாமி. பேரென்ன?”

“சித்ரா. ஊரு கெங்கவல்லி. நாமக்கல்ல மில்லு வேலைன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு. இப்ப வேற எங்கியோ வெளி மாநிலம்ன்றாரு. போனையும் புடுங்கி வெச்சிக்கிட்டாரு. நான் வீட்டுக்குப் போவணும்.”

இன்பமேரி அவளைக் கொல்லையை ஒட்டிய தங்கள் வீட்டுக்குள் அழைத்துப்போய்க் கதவைத் தாழிட்டாள். பிறகு பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் செய்தாள்.

அக்சிலியா பாவாடையில் பூக்களை ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

“அவ எங்க?”

“இன்னும் பறிக்கறாங்க. மாஸ்டர், இது போதுமா?”

“பத்தாது பாப்பா. நெறமே ஏறாது” என்றார் சடையன், உண்மையான கவலையோடு. அந்த ஆளின் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.

இதழ்கள் வெந்து, பால் மெல்ல ஊதா நிறமானது. விடிவதற்கு முன் வானம் அப்படித்தான் இருக்கும். ஜவ்வரிசி மணிகள் அதில் மிதந்து மிதந்து சுற்றின. தறிகள் ஓடின. ரயில் மறுபடி புறப்பட்டது. இந்தத் தடவை அதை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று அக்சிலியா நினைத்தாள். மெதுவாக, மெதுவாக, வாசலில் ஜீப் வந்து நிற்கும்வரை.

ஜீப் வந்தது. இறங்கிய இருவரில் ஒருவர் பெண் போலீஸ். அந்த ஆள் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். வாசலில் காய்கறிப் பையோடு லாசர் விழித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் தெரிந்த பிறகு சடையன் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏனுங்கம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காய்ச்சியிருக்கவே மாட்டனுங்களே.”

“நீங்க காய்ச்சலைன்னா நான் எதுக்குப் பூப் பறிக்கப் போறேன், மாஸ்டர்?” என்றாள் அக்சிலியா.

சாயங்காலம் சித்ராவின் அம்மா வந்தாள். போலீஸ்காரர்கள் போனையும் பையையும் திருப்பிக் கொடுத்தார்கள். தாயும் மகளும் ஆளுக்கொரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, கெங்கவல்லிக்குப் புறப்பட்டார்கள்.

இப்போது லாசர் மெஸ்ஸில் சனிக்கிழமைதோறும் செம்பருத்திப் பாயசம் உண்டு. அதனால் அட்டையில் பெயரை மாற்றிவிட்டார்கள். புதுப் பெயரை முதலில் சடையனிடம் சொன்னார்கள்.