பசியாறிய யானை

கரங்கான் பள்ளிக்கூடத்தில் காலை ஏழரை மணிக்கு ஒரு யானை வகுப்பறை வாசலில் மாட்டிக்கொண்டது.

தலை வெளியே வந்துவிட்டது. வயிறு வரவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ரஃபியா என்ற வண்ண நெகிழிக் கயிற்றால் பின்னி, உள்ளே தேங்காய் நாரைத் திணித்து நிமிர்த்திய யானை அது. மூன்று வாரமாக ஆளுக்கொரு பாகம் பின்னியவர்கள், கதவை அளக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.

கூலிம் நகர மண்டபத்தில் பத்து மணிக்குக் கண்காட்சி. யானையை ஏற்றிப்போக லோரியும் வந்துவிட்டது.

"நல்லா தள்ளுலா!" என்று வெளியே இருந்து கத்தினாள் ரூபினி.

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்! யானைதான் அசைய மாட்டேங்குது!" உள்ளே இருந்து காளிதாசனின் குரல் வந்தது.

ஷீலா டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். "வேற வழியில்ல பிள்ளைங்களா. வயித்தை வெட்டிரலாம். அங்க போய்த் தைச்சிக்கலாம்."

ரூபினியின் பக்கத்தில் நின்ற நயீமின் முகம் வாடிப்போனது. அந்த வயிறு அவன் பின்னியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றி மாற்றிப் பின்னியதில் அவன் விரலெல்லாம் கொப்புளம். பள்ளிக்குப் புதியவன், அதிகம் பேசமாட்டான். யானையின் வயிற்றில் கையை வைத்தபடி நின்றான்.

ரூபினிக்கு மனசு கேட்கவில்லை. "டீச்சர், அஞ்சே நிமிஷம்!"

கேட்டுவிட்டாளே தவிர, யோசனை ஒன்றும் வரவில்லை. யானையை மேலும் கீழும் பார்த்தாள். நார் திணித்த வாய் வழியாக ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். ஒரு பிடி நாரே கையோடு வந்தது. யானையின் கன்னம் ஒடுங்கியது.

"நயீம்! தலையணை துவைக்கிறப்போ எங்கம்மா பஞ்சை எடுத்துருவாங்க. அப்படியே நாரை எடுத்துருவோம். அங்க போய் இது மறுபடியும் பசியாறட்டும்!"

இருவரும் பிடி பிடியாக இழுத்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த காளிதாசன் அலறினான்: "ஆலமாக்! யானை வாந்தி எடுக்குது!"

ஷீலா டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுவிட்டு, நாரை வாங்க ஒரு சாக்கை விரித்துப் பிடித்தார்.

நான்கு சாக்கு நார் வெளியே வந்ததும், யானையைப் பாய்போலச் சுருட்டி, சாக்குகளோடு லோரியில் ஏற்றினார்கள்.

மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து யானையின் வாயில் நாரை ஊட்டினார்கள். முதலில் கால்கள் நிமிர்ந்தன. பிறகு காதுகள்.

வேடிக்கை பார்த்த ஒரு குட்டிப் பெண் கேட்டாள்: "அண்ணே, யானைக்கு என்ன செய்றீங்க?"

"பசியாறுது தங்கச்சி," என்றான் நயீம். "இன்னும் ஒரு வாய்தான். நீ ஊட்டுறியா?"

அவள் ஊட்டினாள். ஒரு வெட்டுக்கூட விழாத வண்ண வயிறு, கும்மென்று உப்பியது.