நின்று குடிக்கும் கோப்பி

பிறின்சிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். அன்று பின்னேரம் அது பழுத்த மிளகாய் போல இருந்தது.

காரணம் ஒரு சின்னக் கோப்பை.

அவளுடைய சித்தப்பா சிங்கராசா இத்தாலியில், பலேர்மோ என்ற நகரத்தில் வேலை செய்பவர். வெகுகாலம் கழித்துச் சொந்த ஊரான பேசாலைக்கு லீவில் வந்திருந்தார். வரும்போது எட்டுப் பட்டை வைத்த ஓர் அலுமினியக் கேத்தலும், கறுக்க வறுத்து அரைத்த கோப்பித்தூளும், ஒரு பெட்டி நிறைய வெள்ளைக் கோப்பைகளும் கொண்டுவந்தார். ஒவ்வொரு கோப்பையும் முட்டை ஓட்டளவுதான் இருந்தது.

கேத்தல் அடுப்பில் ஏறியது. அடியில் தண்ணீர், நடுவில் தூள். கொஞ்ச நேரத்தில் “கொர்ர்ர்” என்று குறட்டை விட்டபடி கோப்பி கேத்தலின் மேல்பகுதிக்கு ஏறி வந்தது. அந்த வாசம் முற்றத்துக் கருவாட்டு மணத்தையே விரட்டிவிட்டது!

சித்தப்பாவைப் பார்க்கச் சம்மாட்டி யாகப்பர் வந்திருந்தார். ஊரில் நிறையப் படகுகளுக்குச் சொந்தக்காரர். விறாந்தையில் இருந்த பெரிய கதிரை அவருக்குத்தான்.

முற்றத்தில் ஜெயந்தினி அன்ரி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மலையகத்திலிருந்து வந்து நானாட்டான் பக்கம் குடியேறிய குடும்பம் அவருடையது. பஸ் ஏறி வந்து இங்கே கூலிவேலை செய்வார். பள்ளி விடுமுறை என்பதால் மகள் தர்ஷிகாவும் கூட வந்திருந்தாள். காலையிலிருந்து அவளும் பிறின்சியும் ஒன்றாகத்தான் விளையாடினார்கள்.

பிறின்சி கோப்பி ஊற்றிய கோப்பைகளைத் தட்டில் தூக்கிக்கொண்டு நேரே முற்றத்துக்கு இறங்கினாள். தர்ஷிகா ஆசையோடு கையை நீட்டினாள். அதற்குள் அம்மா ஓடி வந்து தட்டைப் பறித்துவிட்டார்.

“இது விருந்தாக்களுக்கு. அவையளுக்கு அந்த பிளாஸ்ரிக் கப்பில ஊத்திக் குடு.”

கிணற்றுக் கட்டில் இரண்டு பிளாஸ்ரிக் கப் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது.

தர்ஷிகா நீட்டிய கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் பிறின்சியின் மூக்கு சிவந்தது.

“ஏனம்மா? கோப்பை கனக்கக் கிடக்குதுதானே?”

“சத்தம் போடாத. எப்பவும் இப்பிடித்தான்.”

“எப்பவும் செய்தால் அது சரியாகிடுமோ?”

யாகப்பர் சிரித்தார். “பிள்ளையின்ர வாயைப் பார்! ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு இடம் இருக்கு, பிறின்சி.”

பிறின்சிக்கு அந்தத் தட்டைக் கடலிலேயே எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்தால் மீனுக்குத்தான் கோப்பி கிடைக்கும், தர்ஷிகாவுக்குக் கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சித்தப்பாவிடம் திரும்பினாள்.

“சித்தப்பா, இத்தாலியில கோப்பி எப்பிடிக் குடிக்கிறவை?”

“நான் வேலை செய்யிற பார்ல...” என்று தொடங்கினார் சித்தப்பா.

“பாரோ!” அம்மா ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மறு கையை நெஞ்சில் வைத்தார். “கோப்பிக்கடை எண்டெல்லோ சொன்னனீர்?”

“அங்க கோப்பிக்கடைக்குத்தான் பார் எண்டு பேர், அண்ணி. விடியப் பால் விட்ட கோப்பி குடிப்பினம். மத்தியானத்துக்குப் பிறகு பால் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பினம். பிறகு கறுப்புக் கோப்பிதான். மூண்டு மிடறு, ஆள் போயிடும்.”

“கதிரையில ஆர் இருக்கிறது?” என்று கேட்டாள் பிறின்சி.

“அனேகமா ஒருத்தரும் இல்லை. உயரமான பலகையில முழங்கையை வைச்சு நிண்டுதான் குடிப்பினம். நீதவானும் நிப்பார், பக்கத்தில தெருக் கூட்டுறவரும் நிப்பார்.”

“கோப்பை?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைதான். நான்தானே கழுவி அடுக்கிறனான். எது ஆருக்குப் போகுமெண்டு எனக்கே தெரியாது.” சித்தப்பா தட்டிலிருந்த கோப்பைகளைப் பார்த்தார். “நான் போன புதுசில, பாஷையும் தெரியாமல் நிக்கேக்க, முதலாளி எனக்கும் அதே கோப்பையிலதான் தந்தவர்.”

பிறின்சி அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அங்க உங்களுக்குத் தந்தவை. இங்க நாங்கள் குடுக்க மாட்டமோ?”



அவள் வீட்டின் பின்பக்கம் ஓடினாள். வெறும் மீன்பெட்டிகளைத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்து வந்து, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நீளமான பலகை ஒன்றின் மறுநுனியைத் தர்ஷிகா பிடித்தாள். இருவரும் அதைப் பெட்டிகளின் மேல் வைத்துத் துணி விரித்தார்கள்.

“இத்தாலிக் கோப்பியை இத்தாலி மாதிரித்தான் குடிக்கவேணும். கதிரையில இருக்கிற ஆக்களுக்குக் கோப்பி இல்லை!”

“எனக்கு முழங்கால் நோவு,” என்றார் யாகப்பர்.

“மூண்டு மிடறுதான், ஐயா. நோக முதல் முடிஞ்சிடும்.”

சித்தப்பா அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கி வந்து பலகையில் வைத்தார். தானும் அங்கேயே நின்றார். கோப்பி வாசம் யாகப்பரையும் விடவில்லை. முனகிக்கொண்டே எழுந்து வந்தார்.

ஜெயந்தினி அன்ரி தயங்கினார். “வேணாம் பாப்பா. நாங்க எப்பயும் போல வெளியவே குடிச்சிக்கிறோம்.”

“இப்ப எல்லாரும் வெளியாலதான் நிக்கினம், அன்ரி. வாங்கோ!”

அன்ரி சிரித்தபடி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தர்ஷிகா தனக்கென ஒரு வெள்ளைக் கோப்பையைத் தானே எடுத்தாள்.

யாகப்பர் முதல் மிடறு குடித்தார். முகம் வேப்பிலை தின்றதுபோலச் சுருங்கியது. “என்னடா சிங்கராசா, இது பேதி மருந்தோ?”

தர்ஷிகாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா படியில் நின்று பார்த்தார். பிறகு விறுக்கென்று உள்ளே போனார். ‘கோபம்தான்,’ என்று நினைத்தாள் பிறின்சி. ‘இருக்கட்டும், எனக்கும்தான் கோபம்.’

ஆனால் அம்மா சீனிப்போத்தலோடு திரும்பி வந்தார். ஜெயந்தினி அன்ரிக்குப் பக்கத்தில் வந்து நின்று, முதலில் அவருடைய கோப்பையில் ஒரு கரண்டி சீனி போட்டார்.

“கசக்குதோ?”

“ரொம்பக் கசக்குதுங்க.”

“எனக்கும் பால் இல்லாமல் இறங்காது.” அம்மா கொஞ்சம் தொண்டையைச் செருமினார். “நாளைக்குக் காலமை வந்தவுடன கூப்பிடுங்கோ, ஜெயந்தினி. இதே கோப்பையில பால் விட்டுக் குடிப்பம். மத்தியானம் தாண்டினால் இத்தாலிக்காரர் ஏசுவினமாம்.”

பிறின்சி தன் கோப்பையில் மூன்று கரண்டி சீனியை அள்ளிப் போட்டாள். அவ்வளவு நேரம் கோபப்பட்டவளுக்கு அந்த இனிப்பாவது வேண்டாமா!